மருந்து ஒன்று, உடல் வேறு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு நாய் வாசலில் விழுந்து, கால்களை இழுத்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தது. அது சாதாரண நாட்டு நாய். எடை பதினைந்து கிலோ இருக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வெறிநோயாக இருக்கலாம், கிட்டப் போகாதீர்கள் என்றார் இன்னொருவர். வீட்டுப் பையன்தான் மேசைக்கு அடியில் கிடந்த மாத்திரை அட்டையைக் கண்டெடுத்தான். நாய் அதைக் கடித்துப் பிய்த்திருந்தது. நான்கு மாத்திரைகளைக் காணவில்லை.

அந்த வீட்டுப் பெரியவருக்குக் காசநோய், சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நோய் மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்க, வீட்டிலுள்ளோர் தினமும் ஓர் ஐசோனியசிட் மாத்திரை சாப்பிட்டு வந்தனர். நாய் விழுங்கியதும் அந்த மாத்திரையைத்தான். ஆட்டோவில் நாயை ஏற்றிக்கொண்டு நானும் உடன் சென்றேன். கால்நடை மருத்துவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "நல்ல வேளை, அட்டையைக் கொண்டுவந்தீர்கள்" என்று சொல்லிவிட்டு, வலிப்பை அடக்க ஓர் ஊசியும், அதன்பின் நரம்பு வழியாகப் பைரிடாக்சினும் செலுத்தினார். பைரிடாக்சின் என்பது வேறொன்றுமில்லை, வைட்டமின் பி6தான். இரவு பத்து மணிக்கு நாய் எழுந்து நின்றது.

எனக்கு ஒரு சந்தேகம். அதே மாத்திரையை அந்த வீட்டில் நால்வர் மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள்; அவர்களுக்கு ஒன்றுமில்லை. நாய்க்கு மட்டும் ஏன்? பௌதிகம் படித்தவன் முதலில் கணக்குப் போடுவான். நானும் போட்டேன். மாத்திரை ஒன்றுக்கு 300 மில்லிகிராம். அறுபது கிலோ மனிதருக்கு இது கிலோவுக்கு 5 மில்லிகிராம். நாய் விழுங்கியது 1,200 மில்லிகிராம், கிலோவுக்கு 80. அந்த அளவு மனிதனுக்கும் ஆபத்துதான். "அது மட்டுமில்லை சார்" என்றார் மருத்துவர். "மனுஷன் உடம்பு இந்த மருந்தைச் செயலிழக்க வைக்கிற முக்கியமான வழி நாய்க்குக் கிடையவே கிடையாது. பிறவியிலேயே இல்லை."

பிறவியிலேயே மருந்தைத் தாங்காத உடல் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். அது என்னை வெகுதூரம் கொண்டுபோகும் என்று நினைத்தேன். கொண்டுபோய் விட்ட இடம் சென்னைச் சேத்துப்பட்டு. கதையின் தொடக்கமோ எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

காற்றும் ஓய்வுமே மருந்தாக இருந்த காலம்

கடற்கரையிலிருந்து புறப்படும் மின்ரயிலில் வருகிறவர்களுக்கு, குரோம்பேட்டையை அடுத்து ஒரு நிலையம் வரும்: தாம்பரம் சானடோரியம். தினமும் அங்கு ஏறி இறங்குகிற என் மாணவர்களுள் பலர் அந்தப் பெயரின் பொருளைக் கேட்டதில்லை. 1928ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கு ஒரு காசநோய் விடுதியை ஏற்படுத்தினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய விடுதியொன்றை நடத்தி அனுபவம் பெற்றவர் அவர். 1937இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அக்காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. தூய காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, இவையே சிகிச்சை. நோயாளி மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், படுக்கையில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பதற்கும் படுக்கை வேண்டுமே! நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் கடலில் கரைத்த பெருங்காயம்.

நிலைமையை மாற்றியது ஐசோனியசிட். இது 1912லேயே பிராக் நகரில் மேயர், மாலி என்ற இருவர் ஆய்வுப் பட்டத்திற்காகத் தயாரித்த பொருள். அதன் அருமை தெரியாமல் நாற்பதாண்டுகள் அது அலமாரியில் உறங்கியது. 1952இல்தான் அது காசநோய்க் கிருமியைத் தாக்கும் வல்லமை உடையது என்று உலகம் அறிந்தது. விலை மலிவு, வாயால் உட்கொள்ளலாம். இனிப் படுக்கை எதற்கு, வீட்டிலிருந்தபடியே குணமாகலாமே என்ற கேள்வி எழுந்தது.

இக்கேள்விக்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதனை வழிநடத்தினார். நோயாளிகள் சென்னை நகரின் ஏழைகள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் சானடோரியத்திற்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தனர். மருந்து இருசாராருக்கும் ஒன்றே. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், அரை வயிற்றுச் சோற்றோடு வீட்டிலிருந்தவர்களுக்கும் குணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது.

இது பலரும் அறிந்த கதை. இதன் நிழலில் நடந்த இன்னொரு கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. நாயின் வலிப்புக்கும் அதற்கும்தான் தொடர்பு.

எரிந்த பாதங்கள்

ஐசோனியசிட்டோடு அந்நாளில் பாஸ் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், குமட்டும், விலையும் அதிகம். ஏழை நாட்டிற்கு ஐசோனியசிட் மட்டுமே போதாதா, அளவைச் சற்றுக் கூட்டினால் என்ன என்று சென்னை மையத்தினர் சோதித்தனர். அப்போது ஒரு தொல்லை தலைகாட்டியது. கூடுதல் அளவு மருந்து உண்டவர்களில் சிலருக்குக் கை கால் மரத்தது. பாதங்கள் நெருப்பில் வைத்தாற்போல் எரிந்தன. நரம்புகளின் ஓரங்கள் பழுதுபடும் நோய் இது.

எல்லோருக்கும் வரவில்லை என்பதுதான் புதிர். ஒரே மருந்து, ஏறத்தாழ ஒரே எடை, ஒரே ஊர், ஒரே மாதிரி உணவு. ஒருவருக்குப் பாதம் எரிகிறது; பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை.

இதற்கான துப்பு ஏற்கனவே அமெரிக்காவிலிருந்து கிடைத்திருந்தது. உடலுக்குள் சென்ற ஐசோனியசிட்டின் மீது கல்லீரலிலுள்ள ஒரு நொதி, அசெட்டைல் என்னும் சிறிய அணுத் தொகுதியை ஒட்டவைக்கிறது. ஒட்டியதும் மருந்து செயலிழந்து, சிறுநீரில் வெளியேறுகிறது. இந்த ஒட்டும் வேலை சிலருடைய உடலில் விரைவாகவும் சிலருடைய உடலில் மெதுவாகவும் நடக்கிறது என்று ஹியூஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1953-54இல் கண்டனர். மெதுவாக நடப்பவர்களுக்கே நரம்புத் தொல்லை மிகுதி என்றும் கூறினர்.

சென்னை மையத்தில் கங்காதரம், செல்கன், தேவதத்தா, வேலு முதலியோர் இதனை நம் மக்களிடையே விரிவாக ஆராய்ந்தனர். நோயாளிக்கு அளவான மருந்தைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, அதில் எவ்வளவு மருந்து எஞ்சியிருக்கிறது என்று அளந்தனர். 1960, 1961ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. தென்னிந்தியருள் சுமார் 60 சதவீதத்தினர் மருந்தை மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர்கள். பாதம் எரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே.

மெது என்றால் எவ்வளவு மெது? இதை விளக்க எனக்குத் தெரிந்த வழி, கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுட்காலம். ஒரு பொருள் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அது. மருந்துக்கும் இது பொருந்தும். விரைவு வகையினர் உடலில் ஐசோனியசிட் பாதியாவதற்குச் சுமாராக 1 மணி நேரம் ஆகிறது. மெது வகையினருக்கு 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்தில் முன்னவரிடம் மருந்து ஆறு முறை பாதியாகிறது. எஞ்சுவது 64இல் ஒரு பங்கு. பின்னவரிடம் இரண்டே முறை பாதியாகிறது. எஞ்சுவது 4இல் ஒரு பங்கு. இருவரும் விழுங்கியது ஒரே மாத்திரை. மாலையில் ஒருவர் இரத்தத்தில் இருப்பது மற்றவரிடம் இருப்பதைப் போல் பதினாறு மடங்கு!

இரண்டு மேடுகள்

ஒரு வகுப்பு மாணவர்களின் உயரத்தை அளந்து வரைபடம் போட்டால் நடுவில் ஒரு மேடு எழும். பெரும்பாலோர் நடுத்தரம், இருபுறமும் சரிவு. ஐசோனியசிட்டின் அளவை இப்படி வரைந்தபோது ஒரு மேட்டிற்குப் பதில் இரண்டு மேடுகள், நடுவில் பள்ளம். உணவாலோ பழக்கத்தாலோ ஏற்படும் வேறுபாடு இவ்வளவு தெளிவாக மக்களை இரண்டாகப் பிரிப்பதில்லை. மெண்டலின் பட்டாணிச் செடிகள் நெட்டை, குட்டை என்று இரண்டாகப் பிரிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

1960இல் எவான்ஸ், மேன்லி, மெக்குசிக் ஆகிய மூவரும் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து இதனை உறுதி செய்தனர். தாயும் தந்தையும் மெது வகையானால் பிள்ளைகள் அனைவரும் மெது வகையே. அதாவது 'மெது' என்பது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு மெது மரபணுக்களும் சேர்ந்தால்தான் அது வெளிப்படும்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மெது வகையினர் 60 சதவீதம் என்றால், அது மெது மரபணுவின் வீதத்தின் வர்க்கம். 0.6இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.77. ஆகவே நம் மக்களிடையே இம்மரபணுவின் நூறு பிரதிகளில் 77 மெது, 23 விரைவு. இரண்டும் விரைவாக உள்ளவர் நூற்றுக்கு ஐவரே. ஏனைய 35 பேர் விரைவு ஒன்றும் மெது ஒன்றும் கொண்டவர்கள். நுட்பமாக அளந்தால் இவர்கள் இடைத்தரமானவர்கள் என்று பின்னர் தெரிந்தது. ஜப்பானியரிடையேயோ மெது வகையினர் சுமார் பத்து சதவீதம்தான். இவற்றுக்குக் காரணமான மரபணுவையே 1990ஆம் ஆண்டையொட்டி அடையாளம் கண்டனர். அது நம் எட்டாம் குரோமோசோமில் இருக்கிறது.

மருந்துக்கும் மரபுக்குமுள்ள உறவை ஆராயும் துறைக்கு 'மருந்து மரபியல்' என்ற பொருள்படும் பெயரை ஜெர்மானியரான போகல் 1959இல் சூட்டினார். பெயர் பிறந்த அதே நாட்களில் சேத்துப்பட்டில் அதன் வேலை நடந்துகொண்டிருந்தது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

குறையும் நிறையும்

மெது வகையினர் பாவம் செய்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மருந்து நெடுநேரம் தங்குவது நரம்புக்குக் கேடு. கிருமிக்கும் அதுவே கேடு. ஐசோனியசிட்டை மட்டும் உண்டவர்களுள் மெது வகையினருக்கே குணம் சற்று மேலாக இருந்தது. பாதத்தை எரித்த அதே பரம்பரை, நெஞ்சைக் காத்தது.

இதன் மறுபக்கம் பிற்பாடு தெரியவந்தது. தினமும் மருந்து உண்ணச் சொன்னால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே நோயாளியை வரவழைத்து, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையைச் சென்னை மையம் வகுத்தது. வாரம் இருமுறை கொடுத்தபோது இரு வகையினரும் நன்கு குணமடைந்தனர். வாரம் ஒருமுறை போதுமானால் ஏழைக்குக் கூலி நட்டம் குறையுமே என்று அதையும் சோதித்தனர். அப்போது விரைவு வகையினர் பின்தங்கிவிட்டனர். மருந்து அவர்கள் உடலைவிட்டு ஓடிப்போய்விடுகிறது. அடுத்த வாரம் வரை கிருமி மூச்சுவிட்டுக்கொள்கிறது. ஆக, எத்தனை நாளைக்கு ஒருமுறை மருந்து தரலாம் என்ற நிர்வாகக் கேள்விக்குக்கூட விடை மரபணுவில் ஒளிந்திருந்தது.

பாத எரிச்சலுக்கு வழி எளிதாகவே கிடைத்தது. ஐசோனியசிட் உடலிலுள்ள வைட்டமின் பி6ஐப் பற்றிக்கொண்டு சிறுநீரில் இழுத்துச் சென்றுவிடுகிறது. போதிய உணவில்லாதவரிடம் கையிருப்பும் குறைவு. தினமும் சில மில்லிகிராம் பைரிடாக்சினைச் சேர்த்துக் கொடுத்தால் தொல்லை வராது என்று சென்னை மையத்தினர் காட்டினர். இன்றும் ஐசோனியசிட்டோடு பி6 கொடுக்கப்படுவது இதனால்தான். ஒவ்வொருவரும் எந்த வகை என்று இரத்தம் எடுத்துப் பார்க்க நம்மிடம் வசதி இல்லாதபோதும், இரு வகையினருக்கும் பொருந்துகிற ஒரு முறையை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவே அவர்களுடைய பெருமை.

நாயின் பரம்பரை

இப்போது நம் தெரு நாய்க்கு வருவோம். மனிதரில் சிலருக்கு மெதுவாக இயங்கும் அந்த நொதி, நாய்களிடம் அறவே இல்லை. சல்பா மருந்துகள் புழக்கத்திற்கு வந்த 1930களிலேயே, மனிதனைப் போல் நாயின் உடல் அவற்றின்மீது அசெட்டைலை ஏற்றுவதில்லை என்று கண்டிருந்தார்கள். காரணம் 1997இல் தெளிவாயிற்று. நாய்க்கும், ஓநாய் முதலிய அதன் இனத்தாருக்கும் இதற்கான மரபணுவே இல்லை. மரபணு பழுதுபட்டிருக்கிறது என்பதல்ல. பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கமே இல்லை!

ஆகவே நாயின் உடலில் ஐசோனியசிட் தங்கிவிடுகிறது, பி6ஐச் சூறையாடுகிறது. மூளையில் நரம்புகளின் கொந்தளிப்பை அடக்கும் 'காபா' என்ற பொருளைத் தயாரிக்க பி6 தேவை. அது தீர்ந்தால் கடிவாளம் அறுந்த குதிரைதான், வலிப்பு வருகிறது. அன்று மருத்துவர் செலுத்திய பைரிடாக்சின், அறுந்த கடிவாளத்தை முடிந்துவைத்தது. சென்னை ஏழைகளின் பாதங்களைக் காத்த அதே வைட்டமின் எங்கள் தெரு நாயின் உயிரையும் காத்தது.

நாய்களுக்குள்ளேயே இனத்துக்கு இனம் இத்தகைய வேறுபாடு உண்டு. புகழ்பெற்ற சான்று காலி என்ற ஸ்காட்லாந்து மேய்ப்பு நாய். 1981இல் கால்நடைகளுக்கென்று வந்த ஐவர்மெக்டின், புழுக்களையும் சொறிக்குக் காரணமான உண்ணிகளையும் அழிக்கும் அருமையான மருந்து. அதைக் கண்டவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பிற நாய்கள் தாங்கும் அளவைக் கொடுத்தபோது காலி நாய்கள் தள்ளாடி, நினைவிழந்து, சில இறந்தும் போயின.

இங்கே குற்றவாளி கல்லீரல் நொதி அன்று. காவலாளி இல்லாத கதவு. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் சுவரில் ஒரு புரதம் நின்றுகொண்டு, உள்ளே நுழையும் அயற்பொருள்களை இறைத்து வெளியேற்றுகிறது. 1994இல் ஆம்ஸ்டர்டாமில் இப்புரதம் இல்லாதபடி உருவாக்கிய சுண்டெலிகள், உண்ணிகளை ஒழிக்கத் தெளித்த ஐவர்மெக்டினால் எதிர்பாராமல் மடிந்தன. அந்த விபத்து ஒரு துப்பாயிற்று. 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காத்ரினா மீலியும் அவருடைய குழுவினரும், காலி நாயின் அந்த மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விட்டுப்போயிருப்பதைக் கண்டனர். நான்கு எழுத்துகள் போனதால் அதற்குப் பின்வரும் வாசகம் முழுவதும் குழம்பி, புரதம் உருவாகாமல் போகிறது. இப்பிழையுடைய பல இனங்களையும் ஒப்பிட்டு, அவையனைத்தும் 1873க்கு முன் பிரிட்டனில் வாழ்ந்த ஒரே ஒரு நாயிடமிருந்து இதனைப் பெற்றிருக்க வேண்டும் என்று 2004இல் கணித்தார்கள். அழகுக்கும் வேலைக்கும் என்று தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள், அறியாமலே இப்பிழையையும் சேர்த்து வளர்த்துவிட்டார்கள்.

நம் புறநகர்களில் இன்று பல வெளிநாட்டு இன நாய்கள் வளர்கின்றன. சொறி என்றதும் மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினையே நாய்க்கும் அளவு பார்க்காமல் போடுகிறவர்கள் உண்டு. இதயப் புழுவைத் தடுக்கக் கொடுக்கும் மிகச் சிறிய அளவு காலி நாய்க்கும் தீங்கற்றது. சொறிக்குத் தரும் அளவு அதைப் போல் ஐம்பது மடங்கும் அதற்கு மேலும் இருக்கும், அங்கேதான் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் போடலாகாது.

மாத்திரை அட்டையில் அச்சிட்டுள்ள அளவு, சராசரி மனிதன் ஒருவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தச் சராசரி மனிதன் எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை. குடியிருப்பவர்கள் மெது வகையினர், விரைவு வகையினர், அவர்களுடைய குழந்தைகள், அவர்கள் காலடியில் படுத்திருக்கும் நாய். "எனக்குக் கேட்ட மருந்து உனக்கும் கேட்கும்" என்று அட்டையை நீட்டுவது அன்பின் அடையாளமாக இருக்கலாம். அறிவியல் அதற்குச் சாட்சி சொல்லாது.

சேத்துப்பட்டு மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் பெயர் மாறி இன்றும் பணி செய்கிறது. எங்கள் தெருவில் பெரியவருக்கு நோய் குணமாகிவிட்டது. நாய் நலம். வீட்டார் மாத்திரைகளை இப்போது நாய்க்கு எட்டாத உயரத்தில், மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியே வைத்துவிடுங்கள்.